நூற்று நாற்பத்திரண்டாம் எண் கதவு

விரால்தாங்கலில் நூற்று நாற்பத்தொன்றாம் எண் வீட்டுக்கு அடுத்தது நூற்று நாற்பத்து மூன்றாம் எண் வீடு. நடுவில் ஒரு எண் காணாமல் போயிருக்கிறதே என்று ஊரில் யாரும் கவலைப்பட்டதில்லை. எண் எழுத வந்த பெயின்டர் மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டு வந்து தப்பாக ஆரம்பித்துவிட்டான் என்பார்கள் சிலர், இரண்டு வீட்டுக்காரர்களுக்கும் வரப்புச் சண்டை, அதனால் நடுவே ஒரு எண்ணை இடைவெளி விட்டுப்போனான் என்பார்கள் சிலர், அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிடும்.

நான் இந்த ஊர் அங்கன்வாடி டீச்சர். நாற்பது பிள்ளைகளுக்குச் சத்துமாவு கரைத்து, சோறாக்கி, முட்டை அவித்து, எடை பார்த்து, மாசமாக இருக்கிற பெண்களுக்கு மாத்திரை கொடுத்து முடித்த பிறகும் இவளிடம் கொஞ்சம் உயிர் மிச்சமிருக்கிறது என்று கண்டுபிடித்த அரசாங்கம், என்னையே வாக்குச்சாவடி நிலை அலுவலராகவும் போட்டிருக்கிறது. பட்டியலில் புதிதாகப் பேர் சேர்க்க ஆறாம் எண் படிவம், நீக்க ஏழாம் எண் படிவம், திருத்தத்துக்கும் இடமாற்றத்துக்கும் எட்டாம் எண் படிவம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஊரில் யார் செத்தார்கள், யாருக்குப் பதினெட்டு ஆயிற்று, யார் கட்டிக்கொண்டு வெளியூர் போனாள் என்பதெல்லாம் என் கைப்பையில் இருக்கிறது. இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. இந்தக் கதையை நினைத்தால் எனக்கு வருகிற கோபத்தில் பாதி என் மேலேயேதான், அதனால் சொல்கிறேன்.

ஒவ்வொரு தை மாதமும், அறுப்பு முடிந்து வயல்களில் தாள் மட்டும் நிற்கிற சமயத்தில், வாத்து மேய்க்கிறவர்கள் வருவார்கள். மூன்று குடும்பம், இப்போது பன்னிரண்டு பேர், ஆயிரத்து இருநூறு வாத்து. சிந்திய நெல்லையும் நத்தையையும் வாத்துகள் தின்னும், தின்றதற்குப் பதிலாக வயலுக்கு எருவைப் போடும், ஊர்க்காரர்களும் வேண்டாம் என்று சொல்வதில்லை. ஒரு வயலில் மூன்று நாள், அடுத்த வயலில் இரண்டு நாள், பிறகு அடுத்த ஊர், அடுத்த ஆறு. அவர்கள் அப்பன் காலத்திலும் அப்படித்தான், அவன் அப்பன் காலத்திலும் அப்படித்தான். அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருத்தி தேசம்மாள். நாற்பத்து மூன்று வயது, நெடுநெடுவென்று உயரம், கையில் எப்போதும் ஒரு மூங்கில் கழி, மூன்று வயல் தாண்டி இருக்கிற வாத்தையும் திரும்ப வைக்கிற குரல்.

முந்தின தையில் அவள் புருஷன் ஏகாம்பரம் எங்கள் ஊர் மேற்கு வெளியில் விடியற்காலை முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், பிறகு எழுந்திருக்கவில்லை. புதைக்க இடம் கேட்டு வந்தார்கள். வஜ்ஜிரவேலு அப்போது ஊராட்சித் தலைவர். அவர் ரொம்ப நியாயமான குரலில், "இந்த ஊரு சுடுகாட்டுல இந்த ஊர்க்காரனத்தான் பொதைக்க முடியும். அவன் பேரு லிஸ்ட்ல கீதான்னு டீச்சரக் கேளு" என்றார். பட்டியல் என் கையில் இருந்தது. அதில் இருக்காது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும், இருந்தாலும் முப்பத்தொரு பக்கத்தையும் விரல் வைத்துப் பார்த்தேன், ஏனென்றால் பார்த்துக்கொண்டிருக்கும் வரைக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. கடைசியில் "இல்லை" என்றேன். அடுத்த இரண்டு ஊரிலும் அதையேதான் சொன்னார்கள். பிணத்தை மினி லாரியில் வாத்துக் கூடைகளுக்கு நடுவில் வைத்துக்கொண்டு பொழுது சாயும் வரை அலைந்து, ஆற்று மணலில் புதைத்தார்கள். ஐப்பசியில் வெள்ளம் வந்தது. ஆறு அவரை எங்கே கொண்டுபோய் விட்டது என்று எந்தப் பட்டியலிலும் இல்லை.

இந்தத் தையில் தேசம்மாள் வாத்துகளை வயலில் விட்ட கையோடு அங்கன்வாடிக்கு வந்தாள். வாசலில் நின்றபடியே பேசினாள்.

"டீச்சரம்மா, எம் பேர லிஸ்ட்ல சேக்கணும்."

"எந்த ஊர் லிஸ்ட்ல?"

"இந்த ஊருலதான். எங்க இல்லேன்னு சொன்னாங்களோ அங்கதான."

ஆதார் இருக்கிறதா என்று கேட்டேன். ஆதார் எடுக்கப் போனால் முகவரிச் சான்று கேட்கிறார்கள், முகவரிச் சான்றுக்குப் போனால் ஆதார் கேட்கிறார்கள், இரண்டு ஆபீசுக்கும் நடுவில் நடந்து நடந்து ஒரு ஜோடிச் செருப்புதான் தேய்ந்தது என்றாள். ரேஷன் அட்டையும் அதே கதைதான். ஆனால் சட்டம் இவர்களை மறந்துவிடவில்லை, அதை நான் சொல்லியாக வேண்டும், சட்டத்தில் எல்லாம் நன்றாகத்தான் எழுதியிருக்கிறது. வீடில்லாதவருக்கும் ஓட்டு உண்டு. அவர் சொல்கிற இடத்தில்தான் தூங்குகிறாரா என்று அலுவலர் இராத்திரியில் ஒரு தடவைக்கு மேல் நேரில் போய்ப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். நான் போய்ப் பார்த்தேன். முதல் தடவை மேற்கு வெளியில் பிளாஸ்டிக் ஷீட்டுக்கு அடியில் தூங்கினாள். நாலு நாள் கழித்துப் போனபோது கிழக்கு வெளியில் அதே ஷீட்டுக்கு அடியில் தூங்கினாள். நடுவில் அரைக் கிலோமீட்டர். கண்டதைக் கண்டபடி அறிக்கையில் எழுதினேன். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் பரீட்சை எழுதுகிற மாதிரி உண்மையை எழுதித் தொலைத்தேன். அந்த அரைக் கிலோமீட்டர் போதுமாக இருந்தது தாலுகா ஆபீசுக்கு. 'மனுதாரர் மேற்படி முகவரியில் சாதாரணமாகக் குடியிருப்பவர் அல்லர்' என்று படிவம் திரும்பி வந்தது.

ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்த்து நடவு வைக்கிற ஊரில், தண்ணீர் இல்லாத வருஷம் பாதிப்பேர் பெங்களூரில் கொத்து வேலையில் இருப்பார்கள். அவர்கள் எல்லோரும் சாதாரணமாகக் குடியிருப்பவர்கள். வாத்துக்குப் பின்னால் அரைக் கிலோமீட்டர் நடந்தவள் அல்லள்.

படிவம் திரும்பி வந்ததற்கு மறுநாள் காலையில் கிழக்கு வெளியில் ஒரு கதவு நின்றது.

நிலையோடு கூடிய கதவு. வேப்பமரம், நீலப் பெயின்ட், நிலையின் மேல்கட்டையில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தது, உள்பக்கம் தாழ்ப்பாள், வெளிப்பக்கம் நாதாங்கி. இந்தப் பக்கமும் தாள் நிற்கிற வயல், அந்தப் பக்கமும் அதே வயல். மேலே பச்சைத் தகடு: விரால்தாங்கல் ஊராட்சி, 142.

தேசம்மாள் அதைப் பார்த்துவிட்டு முதலில் செய்த காரியம், துடைப்பத்தை எடுத்து வாசல் பக்கம் எது என்று முடிவு பண்ணிக் கூட்டினதுதான். கூட்டித் தண்ணீர் தெளித்து நாலு புள்ளிக் கோலம் போட்டாள். கதவு என்று ஒன்று இருந்தால் அதன் முன்னால் கோலம் இருக்க வேண்டும். அப்புறம்தான் மற்றவர்களை எழுப்பினாள். அவர்களும் கொட்டாவி விட்டுக்கொண்டு பார்த்தார்கள், தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார்கள், திறந்து பார்த்தார்கள், ஈரத்துணியை மேல்கட்டையில் காயப்போட்டார்கள்.

சாயங்காலம் பட்டிக்குத் திரும்பின வாத்துகள் சுற்றிப் போகிற வழி அவ்வளவு அகலமாக இருந்தும் கதவு வழியாகத்தான் போயின, ஒவ்வொன்றாக, வரிசையில். அதுவரை ஆயிரத்து இருநூறு வாத்தை எண்ணுவதற்கு மூன்று பேர் நின்று மூன்று கணக்குச் சொல்வார்கள். அன்றைக்கு ஒருத்தி நிலைப்படியில் உட்கார்ந்துகொண்டு வெற்றிலை போட்டபடியே எண்ணி முடித்தாள். இரண்டு நாள் கழித்து வாத்துகள் தெற்கு வயலுக்கு மாறினபோது கதவும் விடிகாலையில் அங்கே நின்றது. அடுத்த ஊருக்குப் போனபோது அங்கேயும் வந்தது, அதற்கும் அடுத்த ஊருக்கும் வந்தது, அவர்கள் சுற்றிவிட்டு எங்கள் ஊருக்குத் திரும்பினபோது கூடவே திரும்பியது. எந்த ஊரில் நின்றாலும் தகட்டில் மட்டும் விரால்தாங்கல், 142.

எங்கள் ஊர்க்காரர்கள் ஒரு வாரத்தில் பழகிவிட்டார்கள். பழகினது என்றால், நூற்று நாற்பத்திரண்டு எங்கே என்ற பேச்சுக்கு ஒரு பதில் கிடைத்ததாக நினைத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். நான் பார்த்து அதிசயப்பட்டது கதவை அல்ல, ஜனங்களை. முட்டை வாங்க வருகிறவர்கள் நாதாங்கியைத் தட்டுவார்கள். பக்கவாட்டில் இரண்டு எட்டு எடுத்து வைத்தால் தேசம்மாள் அடுப்பு ஊதிக்கொண்டிருப்பது முழுசாகத் தெரியும், ஆனாலும் ஒருத்தரும் பக்கவாட்டில் வரமாட்டார்கள். "வீட்ல யாரு?" என்பார்கள். "இருங்க, வர்றேன்" என்று அவள் எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு, கதவைத் திறந்து, "உள்ள வாங்க" என்பாள். செருப்பை வெளியே கழற்றிவிட்டு உள்ளே போவார்கள். உள்ளே என்றால் வயல்தான். தபால்காரர் கதவுக்கு அடியில் பக்கத்து ஊர்க் கல்யாணப் பத்திரிகையைச் செருகிவிட்டுப் போனார். நிச்சயம் பண்ணிய பெண் ஒருத்தி, அம்மா வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்து, கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, நாலு பக்கமும் திறந்த வெளியில் ஒரு பகல் முழுக்க அழுதாள். தேடி வந்த அண்ணன்காரன் வெளியே நின்று கெஞ்சினானே தவிர சுற்றிப் போகவில்லை.

தேர்தல் அறிவித்தார்கள். கட்சிக்காரர்கள் வந்தார்கள். இவர்களைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் முடியாது. ஏகாம்பரத்தின் பிணம் லாரியில் கிடந்த அன்றைக்கு இவர்களில் ஒருவனும் ஊரில் இல்லை, இப்போது ஆளுக்கொரு துண்டைப் போட்டுக்கொண்டு, நூற்று நாற்பத்தொன்றாம் வீட்டுக்கு அடுத்து நேராக வயலில் இறங்கி, கதவைத் தட்டி, "அக்கா, வீட்ல எத்தன ஓட்டு?" என்று கேட்டார்கள்.

"பன்னெண்டு பேரு கீறோம். ஓட்டு ஒண்ணுகூட இல்ல" என்றாள் தேசம்மாள்.

கேட்டவன், அவள் கையில் கொடுத்திருந்த நோட்டீசைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனான். கதவில் ஒட்டின ஸ்டிக்கரை மட்டும் விட்டுவிட்டான்.

கதவு வந்த பிறகு நான் இரண்டாவது முறையாக ஆறாம் எண் படிவம் எழுதினேன். வீட்டு எண் என்ற கட்டத்தில் 142 என்று தைரியமாக எழுதினேன். தாலுகா ஆபீசிலிருந்து தேர்தல் பிரிவு துணை வட்டாட்சியர் நேரிலேயே வந்தார். அவர்தான் அந்தக் கதவைச் சுற்றி நடந்த முதல் மனிதர். முன்னால் பார்த்தார், நாலு எட்டு நடந்து பின்னால் போய்ப் பார்த்தார், மறுபடி முன்னால் வந்தார்.

"கதவு இருக்கு. வீடு எங்கம்மா?"

"வீடு கட்டறதுக்கு எடம் வேணும் சார். எடம் குடுத்தா கட்டிக்கறோம்" என்றாள் தேசம்மாள்.

"நான் எடம் குடுக்கற செக்‌ஷன் இல்ல" என்று சொல்லிவிட்டு, என் படிவத்தின் மேல் 'கட்டடம் இல்லை' என்று சிவப்பு மையில் எழுதினார். மேல்கட்டையில் காய்ந்துகொண்டிருந்த பாவாடை காற்றில் அவர் தலைமேல் விழுந்தது. அதற்காக நான் சந்தோஷப்பட்டேன் என்றால் பட்டேன்தான்.

மாசி கடைசியில் ஏரி வற்றியது. வாத்துகளை ஏரிக்குள் இறக்கினார்கள், மறுநாள் கதவும் ஏரிக்குள் நின்றது. அங்கேதான் வந்தது வினை. எங்கள் ஏரியின் வடக்கு மூலையில் நாலு ஏக்கரில் வெண்டைக்காய் காய்க்கும். அது யாருடைய வெண்டைக்காய் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். வஜ்ஜிரவேலு தலைவர் பதவியிலிருந்து இறங்கி இரண்டு மாதம் ஆகியிருந்தது, வெண்டைக்காயிலிருந்து இறங்கவில்லை. ஏரிப் புறம்போக்கில் இன்றைக்கு ஒரு கதவு வந்தால் நாளைக்குச் சுவர் வரும், சுவர் வந்தால் பட்டா கேட்பார்கள் என்று அவர் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுத்தார். பேர் சேர்க்கக் கொடுத்த படிவம் இரண்டு தடவை திரும்பி வந்த ஆபீசில் அந்த மனு மூன்றே நாளில் பறந்தது. வருவாய் ஆய்வாளர் டேப்போடு வந்து அளந்தார். ஆக்கிரமிப்பின் நீளம் மூன்றரை அடி, அகலம் ஐந்து அங்குலம். அதை எழுதுவதற்கு அவர் வெண்டைச் செடிகளுக்கு நடுவில் நின்றார், ஏனென்றால் அங்கேதான் தரை சுடாமல் ஈரமாக இருந்தது. நாலு ஏக்கருக்குள் நின்றுகொண்டு ஐந்து அங்குலத்தை எழுதிய அந்தக் கையை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு எரிகிறது.

அடுத்த நாளே நோட்டீஸ் வந்தது. மைதாப் பசை தடவிக் கதவிலேயே ஒட்டிவிட்டுப் போனார்கள். வாத்துக்காரர்கள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள், நான் சத்தமாக வாசித்தேன். 'விரால்தாங்கல் கிராமம், கதவு எண் 142-இல் வசித்துவரும் தேசம்மாள், க/பெ (லேட்) ஏகாம்பரம் என்பவர் ஏரிப் புறம்போக்கு நிலத்தை ஆக்கிரமித்துள்ளது தெரியவருவதால், இந்த அறிவிப்பு கிடைத்த பதினைந்து தினங்களுக்குள்...' அதோடு படிப்பதை நிறுத்தினேன். ஒரு கதவைக்கூட விட்டுவைக்க மாட்டார்களா என்று நின்றேன்.

தேசம்மாள் அழவில்லை. பக்கத்தில் வந்து நின்றாள்.

"திரும்பப் படி டீச்சரம்மா. மொதல்லேர்ந்து."

படித்தேன்.

"எம் பேரு கீதா அதுல?"

"இருக்கு."

"அவுரு பேரு?"

"இருக்கு."

"ஊரு பேரும் நம்பரும்?"

"இருக்கு."

"கவர்மென்ட்டு சீலு?"

"இருக்கு. வட்டாட்சியர் கையெழுத்தும் இருக்கு."

"நான் இங்க வசிக்கிறேன்னு போட்டுக்கீதா?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. 'வசித்துவரும்' என்று போட்டிருந்தது. அவள் பிறந்து நாற்பத்து மூன்று வருஷத்தில், அவள் ஓர் இடத்தில் வசிக்கிறாள் என்று அரசாங்கம் தன் கைப்பட எழுதிய முதல் காகிதம் அதுதான். ஒரு குவளை வெந்நீர் கொண்டுவரச் சொன்னாள். துணியை நனைத்து நனைத்து ஒற்றி, ஓரத்திலிருந்து நகத்தால் நெம்பி, ஒரு எழுத்துக்கூடக் கிழியாமல் உரித்தெடுத்தாள். அரை மணி நேரம் ஆனது. வெயிலில் காயவைத்து, முட்டை அடுக்குகிற அட்டையில் வைத்து மடித்து என்னிடம் கொடுத்தாள். பேர் சேர்க்க இன்னும் மூன்று நாள்தான் இருந்தது.

மறுநாள் இரண்டு பேரும் பஸ் ஏறித் தாலுகா ஆபீசுக்குப் போனோம். துணை வட்டாட்சியர் மூன்றாவது ஆறாம் எண் படிவத்தையும் முட்டை அட்டையையும் பார்த்தார்.

"இது ஆக்கிரமிப்பு நோட்டீஸ். இதையெல்லாம் முகவரிச் சான்றா எடுக்க முடியாது டீச்சர்."

"ஏன் சார்?"

"இது வேற செக்‌ஷன் போட்டது."

"கையெழுத்து?"

அவர் பார்த்தார். என் இரண்டு படிவங்களையும் திருப்பி அனுப்பிய கடிதங்களை அதன் பக்கத்தில் வைத்தேன். மூன்றிலும் ஒரே கையெழுத்து, ஒரே சீல். ஏனென்றால் நிலத்துக்கும் வட்டாட்சியர்தான், பட்டியலுக்கும் வட்டாட்சியர்தான், மேசைதான் வேறு. எனக்குப் பதினெட்டு வருஷ சர்வீசில் அதிகாரி முன்னால் குரல் உயர்ந்ததில்லை. அன்றைக்கு உயர்ந்தது. "சார், இவங்க இங்க குடியில்லன்னு ஒரே கை எழுதுது, குடியிருக்காங்கன்னும் அதே கை எழுதுது. தொரத்தறதுக்கு மட்டும் குடியிருக்கணும், ஓட்டுப் போடறதுக்குக் குடியிருக்கக் கூடாதா? எது பொய்யின்னு நீங்களே சொல்லுங்க. நோட்டீசு பொய்யின்னா வாபஸ் வாங்குங்க, நாங்க போயிடறோம்."

 அவர் பாவம், கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. நோட்டீசை வாபஸ் வாங்க வேண்டுமென்றால் கோப்பு கோட்டாட்சியருக்குப் போக வேண்டும், அங்கிருந்து கலெக்டர் ஆபீசுக்கு, ஏன் போட்டாய் ஏன் எடுத்தாய் என்று விளக்கம் எழுத வேண்டும். பேர் சேர்ப்பதற்கு இவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் வட்டாட்சியர் கையெழுத்து ஒன்று போதும். நியாயத்துக்காக இல்லை, கோப்புக்குப் பயந்துதான் சேர்த்தார்கள். துணைப் பட்டியலில் கடைசி வரி, தொடர் எண் 1,018.

செய்தி கேட்டதும் வாத்துக்காரர்களில் மிச்சமிருந்த பதினொரு பேரும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். "டீச்சரம்மா, எங்களுக்கும் ஆளுக்கொரு நோட்டீசு வாங்கிக் குடு. எங்களையும் காலி பண்ணச் சொல்லி ஒரு பேப்பர் போடச் சொல்லு" என்றார்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்த நாட்டில் சிலர் தங்களை விரட்டச் சொல்லி மனுப் போட்டால்தான் இருப்பதாகக் கணக்கு. நாள் கடந்துவிட்டது, அடுத்த திருத்தத்தில் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன், சொன்ன வாயைக் கழுவிக்கொண்டேன்.

பதினைந்தாம் நாள் பொக்லைன் வந்தது. வஜ்ஜிரவேலு வெண்டைத் தோட்டத்தில் நின்று வேடிக்கை பார்த்தார். பொக்லைன் ஓட்டுகிறவன் வெளியூர்க்காரன், இயந்திரத்தைக் கதவுக்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, கீழே இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, நாதாங்கியைத் தட்டினான். தேசம்மாள் திறந்தாள்.

"அக்கா, இடிக்கச் சொல்லிட்டாங்க."

"தெரியும்பா. கோலத்த மிதிக்காம பண்ணு."

அவன் பின்பக்கமாகச் சுற்றி வந்து இடித்தான். நீலப் பலகைகளும் தகடும் டிராக்டரில் ஏறித் தாலுகா ஆபீஸ் கொல்லையில் போய்ச் சேர்ந்தன. சாயங்காலம் வாத்துகள் திரும்பி வந்தன. கோலம் வரைக்கும் வந்து, நின்று, ஒவ்வொன்றாக வரிசையில், மூன்றரை அடி அகலத்துக்கு ஓர் அங்குலம் கூடாமல் உள்ளே போயின. வாக்காளர் அட்டை கொண்டுவந்த தபால்காரரும் கோலத்துக்கு இந்தப் பக்கம் நின்று, காற்றைப் பார்த்து, "வீட்ல யாரு?" என்றுதான் கூப்பிட்டார். ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. இடித்தவர்களுக்கு மட்டும்தான் அங்கே ஒன்றும் இல்லை.

ஓட்டுப் போடுகிற நாள் வந்தது. எங்கள் தொடக்கப்பள்ளிதான் சாவடி. வாசலில் மேசை போட்டு, தொடர் எண் தெரியாதவர்களுக்குப் பார்த்துச் சொல்கிற வேலை எனக்கு. ஜன்னல் வழியாக உள்ளே பேசுவது எல்லாம் கேட்கும். வஜ்ஜிரவேலு ஒரு கட்சியின் ஏஜெண்டாக முதல் பெஞ்சில் பட்டியலோடு உட்கார்ந்திருந்தார். தேசம்மாள் வாத்துகளை மற்றவர்களிடம் விட்டுவிட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு, பொங்கல் புடவை கட்டிக்கொண்டு வரிசையில் நின்றாள். கையில் கழி இல்லாமல் அவளை நான் பார்த்தது அன்றைக்குத்தான். வரிசையில் முன்னும் பின்னும் இருந்தவர்கள் அவளோடு பேசவும் இல்லை, தள்ளி நிற்கவும் இல்லை.

முதல் அலுவலர் அட்டையை வாங்கி, எண்ணையும் பேரையும் சத்தமாக வாசித்தார். உடனே வஜ்ஜிரவேலு எழுந்தார்.

"ஆட்சேபணை சார். அப்படி ஒரு வூடே ஊர்ல இல்ல. இந்தப் பொம்பளதான் அந்த ஆளுன்னு என்னா நிச்சயம்?"

தலைமை அலுவலர் வேறு மாவட்டத்து வாத்தியார், கண்ணாடி போட்டவர், வேகாத உப்புமாவைக் காலையில் தின்ற எரிச்சலில் இருந்தார். "வீடு இருக்கா இல்லையான்னு பாக்கறது என் வேலை இல்ல. ஆள் இவங்களான்னு மட்டும் கேக்கறேன்" என்று பட்டியலைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "ஏம்மா, வயசு?"

"நாப்பத்து மூணு."

"வீட்டு நம்பர்?"

"நூத்தி நாப்பத்திரண்டு."

"வீட்டுக்காரர் பேரைச் சொல்லுங்க."

தேசம்மாள் பேசவில்லை. எங்கள் பக்கத்தில் அவள் வயசுப் பெண்கள் புருஷன் பேரை வாயால் சொல்வதில்லை. ஆஸ்பத்திரியில் கேட்டாலும் பள்ளிக்கூடத்தில் கேட்டாலும் பக்கத்தில் நிற்கிறவரைப் பார்ப்பார்கள், பக்கத்தில் நிற்கிறவர் சொல்லிவிடுவார், எழுதுகிறவரும் எழுதிக்கொள்வார். செத்துப்போனாலும் சொல்ல மாட்டார்கள். வஜ்ஜிரவேலுவுக்கு இது தெரியும். அவர் மெதுவாகப் பெஞ்சில் சாய்ந்து உட்கார்ந்தார். தேசம்மாள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பிப் பார்த்தாள். அவளுக்காகச் சொல்ல அங்கே யாருக்கும் அனுமதி இல்லை. ஜன்னலில் நின்ற நான் வாயைத் திறந்தேன், போலீஸ்காரம்மா கையைக் காட்டி அடக்கிவிட்டாள். முப்பத்தொரு பக்கம் தேடி இல்லை என்று சொல்லத் தெரிந்த எனக்கு, அந்த ஒரு பேரைச் சொல்ல வழியில்லை.

"சொல்லுங்கம்மா. பின்னால ஆளுங்க நிக்கறாங்க."

அவள் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"ஏகாம்பரம்" என்றாள்.

சாதாரணமாகச் சொல்லவில்லை. மூன்று வயல் தாண்டி இருப்பதைத் திரும்ப வைக்கிற குரலில் சொன்னாள். பள்ளிக்கூடத்து ஓடு அதிர்ந்தது. வரிசையில் நின்ற நூற்றுச் சொச்சம் பேரும், கேட்டுக்கு வெளியே டீ குடித்தவர்களும், எதிர்த்தாற்போல் சுடுகாட்டுப் பாதையில் மாடு ஓட்டிக்கொண்டு போனவரும் நின்றுவிட்டார்கள். "சரியாத்தான் இருக்கு" என்றார் வாத்தியார். யாரும் கேட்காமலே அவள் இன்னொரு தடவை சொன்னாள். "ஏகாம்பரம்."

இடது கை ஆள்காட்டி விரலில் மை வைத்தார்கள். பதிவேட்டில் பெருவிரல் ரேகை வைத்தாள். அட்டை மறைப்புக்குள் போனாள், இயந்திரம் நீளமாகச் சத்தம் போட்டது. யாருக்குப் போட்டாள் என்று என்னிடம் கேட்காதீர்கள், அது அவள் விஷயம்.

வெளியே வருகிற வழியில் வஜ்ஜிரவேலுவின் பெஞ்சு முன்னால் நின்றாள். அதுவரைக்கும் அவரை அவள் நீங்க என்றுதான் சொல்லுவாள்.

"அவர எடுக்க மாட்டேன்னிட்ட. நான் செத்தா இந்த ஊரு சுடுகாட்டுக்கு என்னை நீதான் எடுக்கணும். பேரு கீது, பாத்துக்கோ. டிக் போடு."

போட்டுத்தான் ஆக வேண்டும், ஓட்டுப் போட்டவர் பேரைப் பட்டியலில் குறிப்பதுதான் ஏஜெண்டின் வேலை. அவர் பட்டியலின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். பேனா எழுதவில்லை. உதறினார், மறுபடியும் எழுதவில்லை. எதிர்க்கட்சி ஏஜெண்டு தன் பேனாவின் மூடியைக் கழற்றி நீட்டினார். தேசம்மாள் அவர் டிக் போட்டு முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.